ஹெர்ரன்ராசெ, ஊபர்மென்ஷ், உண்டர்மென்ஷ்: இச்சொற்களை உண்மையில் யார் உண்டாக்கினார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அவையோருக்கு வணக்கம். ஒரு சிற்றிதழுக்காக நாஜி ஆட்சிக்காலம் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் வரும் ஜெர்மன் சொற்களில் வந்து சிக்கிக்கொண்டேன். ஊபர்மென்ஷ், உண்டர்மென்ஷ், ஹெர்ரன்ராசெ, ஆரியர் ஆகிய நான்கும் ஒரே பத்தியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதழாசிரியர் என் படியின் ஓரத்தில், "மீமனிதன், கீழ்மனிதன், மேலினம் என்று போட்டுவிடுங்கள், எல்லாம் நீட்சே உண்டாக்கிய சொற்கள்தானே" என்று பென்சிலால் குறித்து அனுப்பியிருக்கிறார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மறுத்து எழுத என்னிடம் போதிய சான்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எப்போது, யாரால், எந்தப் பொருளில் வழங்கப்பட்டது என்று தெரிந்தால்தான் தமிழில் எதைப் போடுவது என்று முடிவு செய்ய முடியும். அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

உங்கள் ஐயம் நியாயமானது. அந்த நான்கில் எதையுமே ஜெர்மன் தத்துவவாதி நீட்சே புதிதாக உண்டாக்கவில்லை.

ஊபர்மென்ஷ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஹைன்ரிஷ் முல்லர் என்ற லூத்தரன் சமய அறிஞர் 1664இலேயே இதைக் கையாண்டிருக்கிறார். அங்கே இது இறையருளால் இயல்பான மனித நிலையைக் கடந்தவரைக் குறிக்கும் பக்திச்சொல். பிறகு 1808இல் வெளியான கேத்தேயின் 'பாஸ்ட்' நாடகத்தில் இச்சொல் வருகிறது. மந்திரத்தால் மண்ணின் ஆவியை வரவழைத்துவிட்டு அதன் உருவத்தைக் கண்டதும் நடுங்கும் பாஸ்டைப் பார்த்து, அந்த ஆவி "ஊபர்மென்ஷே, உனக்கு என்ன இந்த இழிந்த நடுக்கம்" என்று எள்ளுகிறது. ஆக, ஜெர்மன் இலக்கியத்தில் இச்சொல்லின் மிகப் புகழ்பெற்ற பழைய வழக்கே ஒரு கேலிதான். நம் ஊரில் "பெரிய மனுஷன்" என்று சொல்லும்போது குரலில் ஏறும் தொனியைப் போன்றது அது.

நீட்சே 1883 முதல் 1885 வரை எழுதிய ஜரதுஷ்ட்ரா நூலில்தான் அது தத்துவச் சொல்லாகிறது. அங்கே அது தன்னைத்தானே கடந்து, தனக்கான மதிப்புகளைத் தானே படைத்துக்கொள்ளும் ஒருவனைக் குறிக்கிறது. எந்த இனத்துக்கும் அங்கே அது பட்டமாகச் சூட்டப்படவில்லை. தம் இறுதிக்கால நூல் ஒன்றில் அவரே, கற்றறிந்த மாடுகள் சில இச்சொல்லைக் கண்டு என்னை டார்வின்வாதி என்று ஐயுற்றன என்ற பொருள்பட எரிச்சலோடு எழுதியிருக்கிறார். யூத வெறுப்புக் கூச்சல்காரர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினால் நல்லது என்று 1886இல் எழுதியவரும் அவரே.

பிறகு எப்படி அவர் தலையில் இது வந்து விடிந்தது என்றால், அதற்குப் பெரும் காரணம் அவருடைய தங்கை எலிசபெத். யூத வெறுப்பை முழுநேரத் தொழிலாகக் கொண்டிருந்த பெர்ன்ஹார்ட் ஃபோர்ஸ்டரை 1885இல் மணந்து, பராகுவே நாட்டில் தூய ஜெர்மானியக் குடியேற்றம் ஒன்றை அமைக்கக் கணவரோடு புறப்பட்டவர் அவர். அம்முயற்சி நொடித்தது, கணவர் 1889இல் இறந்தார். அதே ஆண்டு ஜனவரியில் நீட்சே மனநிலை பிறழ்ந்தார். ஊர் திரும்பிய எலிசபெத் 1894இல் அண்ணனின் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கித் தாளெல்லாம் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதன் பின் எது அச்சேற வேண்டும், எது பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவாயிற்று.

செங்காந்தள் எழுதியது:

வைகைக்கரை ஐயா சொன்ன செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் தங்கையின் தலையில் கட்டிவிட்டு அண்ணனைக் குளிப்பாட்டி எடுப்பது பல காலமாக நடந்துவரும் வேலை. அதில் நாமும் சேர வேண்டாம்.

1887இல் வெளிவந்த அறத்தின் வமிசாவளி பற்றிய நூலைப் பாருங்கள். அரசு என்ற அமைப்பு எப்படித் தோன்றியது என்று விளக்கும் இடத்தில், பொன்னிற வேட்டை விலங்குகளின் ஒரு கூட்டம், வென்று அடக்கும் இனம், ஆளும் இனம் என்று எழுதுகிறார். அந்த இடத்தில் அவர் பயன்படுத்தும் சொல் ஹெர்ரன்ராசெ. அதே நூலில் லத்தீனின் 'மாலுஸ்' என்ற சொல்லுக்கு, அதாவது 'தீய' என்பதற்கு, வேர் தேடும்போது, இத்தாலிய மண்ணில் ஆரியருக்கு முன்பிருந்த கருங்கூந்தல் மக்களையும் அவர்களை வென்ற பொன்னிற ஆரியரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். இதையெல்லாம் தங்கை இடைச்செருகவில்லை. நீட்சே தெளிவோடு இருந்த காலத்தில், அவர் கையாலேயே அச்சுக்குப் போனது.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் 'பொன்னிற விலங்கு'ப் பட்டியலில் ரோமானிய, அராபிய, ஜெர்மானிய, ஜப்பானியப் பிரபுக்களும் ஹோமரின் வீரர்களும் ஸ்காண்டினேவியக் கடலோடிகளும் ஒருங்கே இடம்பெறுகிறார்கள். பழைய ஜெர்மானியருக்கும் இன்றைய ஜெர்மானியராகிய நமக்கும் கருத்தளவிலேகூட உறவு இல்லை, குருதி உறவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்ற பொருளில் அதே பத்தியில் எழுதுகிறார். நாஜிகள் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட்டார்கள். அவர் விதைக்கவில்லை என்பது சரி. ஆனால் வயலுக்கு வேலி போடவும் இல்லை.

ரூர்க்கரை எழுதியது:

நான் ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். 'ஹெர்' என்ற சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் மொழிபெயர்ப்புச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அலுவலகக் கடிதத்தில் என் பெயருக்கு முன் இருக்கும் 'திரு' ஹெர்தான். தேவாலயத்தில் ஆண்டவரை விளிப்பதும் ஹெர்தான். வேலைக்காரனுக்கு எசமானனும், நாய்க்கு அதை வளர்ப்பவனும் அந்தச் சொல்லாலேயே குறிக்கப்படுகிறார்கள். இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் தாங்குவது தமிழில் 'ஆள்' என்ற வேர் மட்டுமே. ஆண்டவன், ஆண்டான், ஆண்டை மூன்றும் அதன் பிள்ளைகள். தஞ்சைப் பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் நிலவுடைமையாளரை "ஆண்டே" என்று கூப்பிட்ட அந்தக் குரலை நினைத்துக்கொண்டால், ஹெர்ரன்ராசெ என்ற சொல் ஜெர்மன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது புரியும். 'மேலினம்' என்றால் உயரம் மட்டும் தெரிகிறது. ஆளுகையும், எதிரே கைகட்டி நிற்பவனும் தெரிவதில்லை. ஹெர்ரன்ராசெக்கு 'ஆண்டை இனம்' என்பதையே நான் முன்மொழிவேன். ஹெர்ரன்ஃபோல்க் என்று வந்தால் 'ஆண்டைக் குடி'.

'ராசெ' என்ற பின்பகுதி ஜெர்மன் மண்ணில் முளைத்ததன்று; பிரெஞ்சிலிருந்து வந்த இரவல். கான்ட் 1775இல் மனித இனவகைகள் பற்றி எழுதியபோது அதைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். இன்று என் பக்கத்து வீட்டுக்காரர் தம் நாய் என்ன 'ராசெ' என்று கூச்சமில்லாமல் சொல்வார். மனிதரைப் பற்றி அந்தச் சொல்லை எடுத்தால் மேசையில் இருப்பவர்கள் அமைதியாகிவிடுவார்கள். 1949இன் அடிப்படைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் பாகுபாட்டைத் தடைசெய்யும் வாக்கியத்தில் அந்தச் சொல் இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்ற வாதம் 2020இல் நாடாளுமன்றம்வரை சூடு பிடித்தது.

வைகைக்கரை எழுதியது:

செங்காந்தள் அம்மாவின் திருத்தத்தை ஏற்கிறேன். வேலியைப் பற்றிச் சொன்னது சரி.

உண்டர்மென்ஷ் பற்றி இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் வியப்பது இங்கேதான். இச்சொல் ஜெர்மனில் முன்பே இருந்தது. நீட்சேயே 1882இல் ஓரிடத்தில் பல தெய்வ வழிபாட்டைப் பற்றிப் பேசும்போது குள்ளர், தேவதைகள் போன்ற கற்பனை உயிர்களின் வரிசையில் அதைச் சேர்க்கிறார். ஃபோன்டானெ என்ற நாவலாசிரியர் 1898இல், இப்போது மெய்யான மனிதனின் இடத்தில் ஊபர்மென்ஷை நிறுவியிருக்கிறார்கள், ஆனால் உண்மையில் எஞ்சியிருப்பவர்கள் உண்டர்மென்ஷ்களே என்று ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கிறார். இதுவும் நீட்சே மோகத்தைக் கிண்டல் செய்யும் வரிதான். அதுவரை இச்சொல்லில் நஞ்சு இல்லை.

நஞ்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற லோத்ராப் ஸ்டாடர்ட் என்பவர் 1922இல் நாகரிகத்துக்கு எதிரான கலகம் என்ற பெயரில் ஒரு நூல் எழுதினார். நாகரிகத்தின் சுமையைத் தாங்கத் திறனில்லாத, அதனாலேயே அதை வெறுக்கிற தாழ்ந்த மனிதன் என்று ஒரு வகையை அதில் வகுத்தார்; ரஷ்யப் புரட்சியை அவனுடைய கலகமாகக் காட்டினார். 1925இல் மியூனிக்கின் லேமன் பதிப்பகம் அதை ஜெர்மனில் வெளியிட்டபோது அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக 'உண்டர்மென்ஷ்' துணைத்தலைப்பிலேயே ஏறியது. நாஜிக் கோட்பாட்டாளர் ரோசன்பெர்க் 1930இல் தம் நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தும்போது ஸ்டாடர்டின் பெயரையே குறிப்பிட்டுக் கடனை ஒப்புக்கொள்கிறார். 1942இல் நாஜிகளின் எஸ்.எஸ். படை அமைப்பு இச்சொல்லையே தலைப்பாக்கிப் படங்கள் நிறைந்த ஒரு வெளியீட்டைப் பரப்பியது. சோவியத் மக்களின் முகங்களை எடுத்துப்போட்டு, இவர்கள் மனித உரு மட்டும் கொண்டவர்கள் என்று வாசகனை நம்பவைப்பதே அதன் வேலை.

'நோர்டிக் இனம்' என்பதன் கதையும் இதே மாதிரிதான். பிரான்சில் வாழ்ந்த ஜோசப் டெனிக்கர் 1900 வாக்கில் வகைப்பாட்டுக்காகப் பயன்படுத்தியது; நியூயார்க் வழக்குரைஞர் மேடிசன் கிராண்ட் 1916இல் அதைப் புகழுரையாக மாற்றினார்; கிராண்டின் நூலையும் லேமன் பதிப்பகமே 1925இல் ஜெர்மனில் கொண்டுவந்தது. இன ஆய்வாளர் என்று பெயர்பெற்ற ஹான்ஸ் குன்தரின் 1922ஆம் ஆண்டு நூலும் அதே கடைச்சரக்கு. இச்சொற்களின் வரலாற்றைத் தத்துவப் பேராசிரியர்களிடம் தேடுவதைவிட அந்த ஒரு பதிப்பகத்தின் விலைப்பட்டியலில் தேடினால் அதிகம் கிடைக்கும்.

தாமரைக்குளம் எழுதியது:

ஒரு கேள்வி. அந்த 'ஆரியர்' நாம் சொல்லும் ஆரியர்தானா? கட்டுரையை வாசிக்கும் தமிழ் வாசகர் பத்தில் ஒன்பது பேர் உடனே நம் ஊர்ச் சண்டைக்குள் போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

அச்சம் சரியானதுதான். வேர் ஒன்று, வழி வேறு. சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேதப் பாடல்களிலும் பழைய ஈரானியத்திலும் இது மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட பெயர். மன்னன் டேரியஸ் தன் கல்லறைக் கல்வெட்டில் தன்னை ஆரியன், ஆரிய வழியினன் என்கிறான். ஈரான் என்ற நாட்டுப்பெயரும் அதிலிருந்து வந்ததே. சங்கப் பாடல் காலத்துத் தமிழில் அது வடபுலத்தாரைக் குறித்தது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. ஜெர்மானியர் யாருக்கும் இந்தச் சொல் பரம்பரைச் சொத்தாக வரவில்லை. அவர்கள் அதைப் புத்தகத்தில் படித்தார்கள்.

1771இல் ஆங்கெத்தீல் துப்பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவை மொழிபெயர்த்தபோது சொல் ஐரோப்பாவுக்குள் வந்தது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொது மூலம் இருக்க வேண்டும் என்று உரையாற்றினார். ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகல் 1819இல் செய்த காரியம்தான் என்னை எப்போதும் நிறுத்திப் பார்க்கவைக்கிறது. 'ஆரிய' என்பதையும் மானம், மதிப்பு எனப் பொருள்தரும் 'ஏரெ' என்ற ஜெர்மன் சொல்லையும் அவர் ஒரே வேராக இணைத்தார். அந்த வேர்ச்சொல் விளக்கம் தவறு. ஆனால் ஓசை ஒப்புமையில் ஒரு சமூகம் தன் பெருமையைக் கண்டெடுப்பது எப்படி என்பதை, வேர்ச்சொல் ஆராய்ச்சி என்ற பெயரில் இணையத்தில் நாளும் நடப்பதைப் பார்க்கும் நமக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அதன் பின் பான் நகரப் பேராசிரியர் லாசன் ஆரியரையும், யூதரும் அராபியரும் அடங்கிய செமித்தியரையும் குணத்தால் எதிரெதிராக நிறுத்தினார். பிரெஞ்சுப் பிரபு கோபினோ 1853 முதல் 1855 வரை வெளியிட்ட இனச் சமமின்மை நூலில் மொழிக்குடும்பம் குருதிக்குடும்பமாக மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கோபினோ ஜெர்மானியருக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. தூய ஆரியக் குருதி எங்கும் கலந்து நீர்த்துப்போயிற்று, இனி மீட்சி இல்லை என்ற ஒப்பாரி அது. பிரான்சில் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இசையமைப்பாளர் வாக்னரின் வட்டம் அதை எடுத்துக்கொண்டது. லுட்விக் ஷேமான் 1894இல் கோபினோ பெயரில் சங்கமே தொடங்கி நூலை மொழிபெயர்த்தார். ஒப்பாரியைப் போர்ப்பரணியாக மாற்றியவர் இங்கிலாந்தில் பிறந்து, வாக்னரின் மகளை மணந்து ஜெர்மானியராகவே ஆகிவிட்ட ஹூஸ்டன் ஸ்டூவர்ட் சேம்பர்லின். 1899இல் வந்த அவர் நூலைக் கைசர் வில்ஹெல்ம் போற்றினார்.

இடையில் ஒருவர் தடுத்துப் பார்த்தார். 'ஆரிய இனம்' என்று தாமும் முன்னொரு காலத்தில் தாராளமாக எழுதியிருந்த மாக்ஸ் முல்லர், 1888இல், ஆரிய இனம், ஆரியக் குருதி, ஆரியக் கண், ஆரியத் தலைமயிர் என்று பேசும் இனவியலாளன், நீள்மண்டை அகராதி, குறுமண்டை இலக்கணம் என்று பேசும் மொழியியலாளனைப் போன்ற பாவி என்று எழுதினார். அதற்குள் சொல் மொழியியலாளர் கையைவிட்டுப் போயிருந்தது.

நம் ஊர் வழி தனி. சென்னையில் எல்லிஸ் 1816இலும், பிறகு கால்டுவெல் 1856இலும் தென்மொழிகள் வேறு குடும்பம் என்று நிறுவியதிலிருந்து கிளைத்தது அது. நாஜிச் சொல்லில் ஆரியருக்கு எதிரே நின்றவர் திராவிடர் அல்லர், யூதர்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நெஞ்சம் நிறைந்த நன்றி. ஆசிரியருக்கு இந்த இழையையே அனுப்பிவிடலாம் போலிருக்கிறது. ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. கட்டுரையில் 1933ஆம் ஆண்டின் சட்டத்தில் "ஆரியரல்லாதார்" என்று வருகிறது. 1935ஆம் ஆண்டின் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லே இல்லை. கட்டுரையாளர் கவனக்குறைவாக விட்டுவிட்டாரா?

ரூர்க்கரை எழுதியது:

கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார், தம்பி. சட்ட வாசகத்திலேயே சொல் மாறியது.

1933 ஏப்ரல் 7 அன்று வந்த அரசுப்பணியாளர் சட்டம், ஆரிய வழியினர் அல்லாத அலுவலர்கள் ஓய்வில் அனுப்பப்பட வேண்டும் என்றது. நான்கு நாள் கழித்து வந்த விதி, தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் ஆரியரல்லாதவராக இருந்தாலே போதும் என்றது. ஆரியர் என்பவர் யார் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அல்லாதவர் யார் என்பது மட்டுமே வரையறுக்கப்பட்டது. அதையும் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? அந்தத் தாத்தாவோ பாட்டியோ யூத சமயத்தைச் சார்ந்திருந்தாரா என்று பார்த்து. மண்டையோட்டை அளந்து அறிவியல் என்று முழங்கியவர்கள், கடைசியில் கோயில் பேரேட்டைத்தான் புரட்டினார்கள். பணியில் நீடிக்க விரும்பியவர்கள் ஊர் ஊராகப் பங்குத்தந்தையருக்குக் கடிதம் எழுதித் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானச் சான்றைத் தேடினார்கள். அவற்றைத் தொகுத்து வைக்க 'முன்னோர் கடவு' என்று ஒரு சிறு புத்தகமே கடையில் விற்பனைக்கு வந்தது.

1935 செப்டம்பர் 15 அன்று நூரம்பர்க்கில் இயற்றிய சட்டங்களில் 'ஆரிய' என்ற சொல் இல்லை. "ஜெர்மானியக் குருதி அல்லது 'ஆர்ட்ஃபெர்வாண்ட்' குருதி", அதாவது அதற்கு இனவகையால் உறவான குருதி, என்று எழுதினார்கள். ஆரியர் என்றால் மொழிக்குடும்பத்தின்படி பாரசீகரும் வட இந்தியரும் உள்ளே வந்துவிடுவார்கள், ஹங்கேரியரும் பின்லாந்தாரும் வெளியே போய்விடுவார்கள் என்ற குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருந்தது. நவம்பர் 14 அன்று வந்த விதியிலும் தாத்தா பாட்டியின் சமயமே மீண்டும் அளவுகோலானது. ஆனால் பேச்சுவழக்கிலும் கடைப்பலகையிலும் பழைய சொல்லே நிலைத்தது. யூதர்களின் கடைகளைப் பறித்துக் கைமாற்றியதற்கு 'ஆரியமாக்கல்' என்றே பெயர்.

வைகைக்கரை எழுதியது:

ரூர்க்கரை ஐயாவின் பதிவுக்கு ஒரு சிறு இணைப்பு. பேரேட்டுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் ஒத்திகை நடந்திருக்கிறது. இன்றைய நமீபியாவான ஜெர்மன் குடியேற்றத்தில் ஹெரேரோ, நாமா மக்களை 1904 முதல் கொன்று குவித்தார்கள். 1905இல் கலப்புமணத்தைத் தடைசெய்தார்கள். ஆய்கன் ஃபிஷர் என்ற ஆய்வாளர் 1908இல் அங்கே ரெஹோபோத் ஊரின் கலப்பினக் குடும்பங்களை அளந்து, 1913இல் நூலாக்கினார். அவரே 1927இல் பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனத்தின் தலைவரானார். ஆண்டை இனம் என்ற எண்ணத்துக்கு நூல்களைவிட அந்த நிர்வாக அனுபவம் அதிகம் உரமிட்டது என்பது என் கணிப்பு.

தாமரைக்குளம் எழுதியது:

அப்படியானால் உண்டர்மென்ஷுக்குக் 'கீழ்மக்கள்' என்று போடலாமா? பழகிய சொல்லாயிற்றே.

செங்காந்தள் எழுதியது:

வேண்டாம் என்பேன். நம் பழைய அறநூல்களில் கீழ்மக்கள் என்பது நடத்தையால் தாழ்ந்தவரைக் குறிக்கும்; திருந்தினால் அவர் மேலாகலாம். உண்டர்மென்ஷுக்கு அந்த வாயிலே கிடையாது, பிறந்த அன்றே அடைத்துவிட்டார்கள். 'மனிதக்கீழினம்' என்றோ, சற்று நெருடினாலும் 'மனிதனுக்குக் கீழானவன்' என்றோ போடுங்கள். நெருடட்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். நீட்சே வரும் இடத்தில் மட்டும் மீமனிதன். நாஜிகள் வரும் இடங்களில் ஆண்டை இனம், மனிதனுக்குக் கீழானவன். ஆரியர் முதலில் வரும் இடத்தில் ஒற்றை மேற்கோள் குறியும், எதிர்ப்பொருள் யூதர் என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். 'ஆர்ட்ஃபெர்வாண்ட்' என்பதற்கு 'இனமுறைக் குருதி' என்று எழுதினேன். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "இதைப் படித்தால் சட்டம் மாதிரியே இல்லையே, கல்யாணத் தரகர் பேசுவது மாதிரி இருக்கிறதே" என்றார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.